நானாவின் நைலான் கயிறு

நானா வண்டியை நிறுத்துகிறார் என்றால், முன்னால் தண்ணீர் இல்லாத ஓர் ஆறு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஓடும் ஆற்றைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை கிடையாது. காய்ந்து கிடக்கும் ஆறுதான் அவரைக் கலக்கும்.

கீழ்வேளூர்ப் பக்கத்தில் கோடை வந்துவிட்டால் ஆறும் சாலையும் ஒன்றுதான். பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக யாருக்கும் பொறுமை இருக்காது. கரையிலிருந்து வண்டியோடு இறங்கி, மணலில் கொஞ்சம் திணறி, எதிர்க்கரையில் ஏறிவிடுவோம். நானா மட்டும் கரையிலேயே இன்ஜினை அணைப்பார். ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைப்பார். காது நன்றாகக் கேட்க வேண்டுமாம். மேற்கே பார்ப்பார், ஏனென்றால் எங்களுக்குத் தண்ணீர் மேற்கிலிருந்துதான் வரும். குனிந்து மணலில் உள்ளங்கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கிளம்புவார்.

வானம் பளிச்சென்று இருக்கிறதே, எங்கே மழை என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"இங்க மழை இல்லங்கிறது ஒரு சேதியே இல்ல தம்பி."

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள். கடைத்தெருவில் எங்களைப் போன்ற மற்றவர்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். நாங்கள் மஸ்கட்டில் வேலை பார்த்த நாளிலேயே அவரைக் கேலி செய்தவர்களில் நான்தான் முதல் ஆள். அவருடைய அந்தப் பயத்தால்தான் இன்று உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவர் வண்டியில் எப்போதும் ஒரு நைலான் கயிறு இருக்கும். நீல நிறம், கட்டைவிரல் தடிமன். அழகாகச் சுருட்டி, சீட்டுக்குப் பின்னால் கம்பியில் கட்டியிருப்பார். கிணறு தூர் வாரப் போறீங்களா நானா, மாடு பிடிக்கவா என்று டீக்கடையில் ஆளாளுக்குக் கேட்பார்கள். சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போவார். போகும்போது கயிற்றின் முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொள்வார்.

ஒரு நாள் என் அப்பாவை ரயிலேற்றிவிட நானாதான் அழைத்துப் போனார். எங்கள் வயலிலிருந்து ஸ்டேஷனுக்கு நடுவில் ஓர் ஆறும் ஒரு வாய்க்காலும். இரண்டும் எலும்பாய்க் காய்ந்து கிடந்தன. நானா இரண்டு இடத்திலும் தன் சடங்கை முடித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பாசஞ்சர் கிளம்பிவிட்டது. இவன் பின்னால் உட்கார்ந்து போவதற்கு மாட்டு வண்டி தேவலாம் என்று அப்பா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை தரங்கம்பாடியில் ஒரு மீன் வியாபாரி வீட்டு ஃப்ரீசர் நின்றுபோய் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஏசி, ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஒன்றரை மணி நேரத்தில் போக வேண்டிய ஊருக்கு, நானா வண்டியில் மூன்று மணி நேரம் ஆனது. போய்ச் சேர்ந்தபோது வஞ்சிர மீனெல்லாம் விறைப்பு விட்டு வாசனை அடிக்கத் தொடங்கியிருந்தது. அந்த அம்மா என்னைத் திட்டியதை நானா பக்கத்தில் நின்று பவ்யமாகக் கேட்டுக்கொண்டார்.

இதையெல்லாம் வைத்து அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடக் கூடாது. மஸ்கட்டில் நாங்கள் ஒரே கம்பெனியில், ஒரே கேம்ப்பில் இருந்தோம். நான் போவதற்குப் பதினைந்து வருஷம் முன்பே அங்கே போனவர், கம்பெனி டிரைவர். கேம்ப் சமையலறையில் கேஸ் சிலிண்டரில் தீப்பிடித்தபோது அத்தனை பேரும் வெளியே ஓடினோம். அவர் மட்டும் நனைந்த கோணியைப் போர்த்தி அதைத் தூக்கிக்கொண்டு போய் வெட்டவெளியில் வைத்துவிட்டு வந்தார். முன்கையில் முடி பொசுங்கியிருந்தது. என்னுடைய பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் இழுத்தடித்த கேம்ப் மேலாளரின் மேஜைக்கு எதிரில் ஒரு பகல் முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்து அதை வாங்கி வந்தவரும் அவர்தான். இப்படிப்பட்ட மனிதருக்கு அங்கேயும் காய்ந்த மணலைப் பார்த்தால் மட்டும் முகம் வெளிறும். அப்போது எனக்கு அது புரியவேயில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் கிளம்பியபோதும் புரியவில்லை.

ஊருக்குத் திரும்பிப்போன ஒரு பாகிஸ்தானியிடம் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று நானாவிடம் இருந்தது. வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அதில் தனியாக எங்கோ போய், இருட்டிய பிறகு திரும்புவார். எங்கே என்று சொல்ல மாட்டார். அந்த வருஷம் என்னவோ, நீயும் வர்றியா தம்பி என்று கேட்டார். மலையைப் பார்க்கலாம், அந்தப் பக்கம் இறங்கினால் பாலைவனத்தைப் பார்க்கலாம் என்றார். நான் மஸ்கட் வந்து மூன்று வருஷம் ஆகியும் ஏசி அவுட்டோர் யூனிட்டுகளைத் தவிர வேறொன்றையும் பார்த்ததில்லை. உடனே சரி என்றேன்.

நானா விடியற்காலைத் தொழுகை முடித்ததும் கிளம்பினோம். பையில் குப்பூஸ் ரொட்டி, வெங்காயம், பேரீச்சம்பழம், நாலு பாட்டில் தண்ணீர். சீட்டுக்குப் பின்னால் நீலக் கயிறு. ஒரு மணி நேரத்தில் தார்ச்சாலை முடிந்து கப்பிச் சாலை ஆரம்பித்தது. மலை என்றால் பச்சையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இவை புல் பூண்டு இல்லாத வெறும் பாறைகளாக எழும்பி நின்றன. கண்ணுக்கு எட்டிய தூரம் மட்டமாக வயலையே பார்த்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் ஏறிப் பார்க்க உயரமான இடம் என்றால் ஆற்றுக்கரைதான். இங்கே ஒரு பக்கம் சுவராகப் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் நானா காலை ஊன்றித் திருப்பும்போது சக்கரத்துக்கு அடியிலிருந்து கற்கள் உருண்டு கீழே போகும். அவை விழும் சத்தம் வருகிறதா என்று காத்திருப்பேன். வராது. நானாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன்.

அவரோ அந்த வளைவுகளில் முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தார். பாட்டு நிற்பது பள்ளத்தில் இறங்கும்போதுதான். மழை பெய்தால் மட்டும் ஓடும் காட்டாற்றை அங்கே வாதி என்பார்கள். மற்ற நாளில் கூழாங்கல் நிறைந்த வெறும் படுகை. சாலை அதற்குள் இறங்கி ஏறும். இரண்டு ஓரத்திலும் சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்பம் நட்டிருப்பார்கள். ஒவ்வொன்றின் கரையிலும் நானா இன்ஜினை அணைத்தார், ஹெல்மெட்டைக் கழற்றினார், தண்ணீர் வரும் மேல்பக்கம் பார்த்தார், கல்லுக்கடியில் கையை விட்டுப் பார்த்தார். பதினெட்டு வரை எண்ணினேன். பிறகு எரிச்சலில் விட்டுவிட்டேன்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவர் வேறு மாதிரி நடந்துகொண்டார். அது மலைக்கு நடுவில் ஒரு குறுகலான வாதி. அங்கே அவர் மேல்பக்கம் பார்க்கவில்லை. தண்ணீர் போகும் திசையில், கீழே, தூரத்தில் தெரிந்த ஈச்சந்தோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பையிலிருந்து இரண்டு பேரீச்சம்பழத்தை எடுத்து ஒரு கல்லின் மேல் வைத்தார். ஏதோ அந்த ஊர் வழக்கம் என்று நினைத்து நான் கேட்கவில்லை.

ஜும்மா நேரத்துக்கு ஒரு மலைக் கிராமத்தில் நின்றோம். அவர் தொழுகைக்குப் போக, நான் வெளியே மர நிழலில் உட்கார்ந்தேன். பாறையைக் குடைந்து ஒரு முழ அகலத்தில் வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் துணி சுற்றிய கல்லால் ஒரு மடையை அடைத்து இன்னொரு மடையைத் திறந்தார். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் அப்பா செய்வது இதைத்தான். மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்த ஊர் நினைப்பு அந்த ஒரு முழ வாய்க்காலைப் பார்த்து எனக்குள் உடைந்தது. அழுதேன். நானா வந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

பாலைவனத்தைப் பார்த்தோம் என்று பெயர். சாலையின் குறுக்கே மணல் வழிந்து கிடந்தது. அதற்கப்பால் பழுப்பு மேடுகள், காற்று, இரண்டு ஒட்டகம். காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. பின்னால் வந்த சாலையைத் திரும்பிப் பார்த்தால் எங்கள் சக்கரத்தடமே இல்லை. இங்கே ஒருவன் தொலைந்துபோனால் தேடுவதற்கு ஆரம்ப இடம்கூடக் கிடைக்காது என்று தோன்றியது. போகலாம் நானா என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

திரும்பும்போது மலையின் உச்சிக்கு மேல் மட்டும் கறுத்திருந்தது. நாங்கள் இருந்த இடத்தில் சுள்ளென்று வெயில். மூன்று மணி இருக்கும். அகலமான ஒரு வாதியின் கரையில் வழக்கம்போல் வண்டி நின்றது. நானா காதைத் தீட்டிக் கேட்டார். இரு என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டு, வளைவுக்கு அந்தப்புறம் பார்த்து வரக் கரையோடு மேலே நடந்தார். இவருக்கு வேறு வேலையில்லை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு நான் படுகையைப் பார்த்தேன்.

தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

விரல் கடை உயரம்தான். நுரையும் சருகும் ஆட்டுப் புழுக்கையும் சுமந்துகொண்டு, கல்லுக்குக் கல் நின்று நின்று, வழி விசாரித்துக்கொண்டு வருகிற மாதிரி வந்தது. நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் பத்துப் பதினைந்து நாள் கழித்து எங்கள் ஆற்றுக்கு இப்படியேதான் வந்து சேரும். ஊரே ஆற்றுக்குள் இறங்கி நிற்கும். பூவும் விதைநெல்லும் தூவி, முதல் தண்ணீரைக் கையில் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். புதுத்தண்ணீரைச் செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாது. அதனால் நான் செருப்பைக் கரையிலேயே கழற்றி வைத்தேன். கல் காலைச் சுட்டது. ஓடினேன். வாதியின் நடுவில் அதை எதிர்கொண்டு, குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தண்ணீர் ஐஸாக இருந்தது. அந்த வெயிலில் அது ஏன் அப்படிக் குளிர்கிறது என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நிமிர்ந்தபோது ஜல்லி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நானா கரையோடு ஓடி வந்துகொண்டிருந்தார். ஏதோ கத்தினார், கேட்கவில்லை. என் கணுக்காலில் இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அடியில் கற்கள் உருண்டு வெறும் காலில் மோதின. ஒரு காலை எடுத்தால் மறுகால் நிற்கவில்லை. நான் அசையாமல் நின்றேன்.

காய்ந்த மணலைக் கண்டு வெளிறுகிற அந்த மனிதர் வண்டியை உதைத்துக் கிளப்பி, நேராகத் தண்ணீருக்குள் இறக்கினார். என் பக்கத்தில் வந்து ஏறு என்றார். எப்படி ஏறினேன் என்று தெரியாது. எதிர்க்கரைச் சரிவைத் தொட்டதும் இன்ஜின் இருமி நின்றது. வண்டியைப் போட்டுவிட்டு என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாறையில் ஏறினார். ஓர் ஆள் உயரம் ஏறியிருப்போம். வளைவைத் தாண்டி அது வந்தது. தண்ணீர் என்று அதைச் சொல்ல முடியாது. மண், மரம், பாறை எல்லாம் எழுந்து நின்று வந்தன. வண்டி ஒரு தடவை புரண்டது. நீலக் கயிறு ஒரு கணம் தெரிந்தது. அவிழ்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

மேலே ஒரு திட்டில் உட்கார வைத்து என்னை ஓங்கி அறைந்தார். அதற்கு முன்போ பின்போ அவர் யாரையும் கைநீட்டி நான் பார்த்ததில்லை.

"எதுக்குடா எறங்குன?"

"புதுத்தண்ணி நானா" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டார். காலையில் நின்றோமே, பேரீச்சம்பழம் வைத்த இடம், அங்கேதான் என்றார். திருப்பனந்தாள் பக்கத்துப் பையன், அவருடைய அறைக்கூட்டாளி, ஊரில் அம்மா மட்டும். நான் வருவதற்கு ஆறு வருஷம் முன்பு இருவரும் இதே மாதிரி ஊர் சுற்ற வந்திருக்கிறார்கள். தண்ணீர் இதே மாதிரி நுரையோடு வந்திருக்கிறது.

"அவனா எறங்கல தம்பி. கரையிலதான் நின்னான். நான்தான் உள்ள நின்னுக்கிட்டு, மாப்ள வாடா, புதுத்தண்ணின்னு கூப்புட்டேன். கண்ணுல ஒத்திக்கிட்டான். நிமிரல. என் கையில ஒரு கயிறு இல்ல."

இரண்டாம் நாள் அந்த ஈச்சந்தோப்பில் கிடைத்தானாம். அவன் அம்மாவிடம் வண்டி சறுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். எங்கள் கடைமடை ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் ஓடிவருகிற வெள்ளத்தை வரவேற்க இறங்க மாட்டார்கள், நம்ம ரெண்டு பேரும் நம்ம ஊரால செத்திருப்போம் தம்பி என்றார். பிறகு யாரிடமும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் வடிய இருட்டிவிட்டது. என் செருப்பு அந்தக் கரையில் போனது போனதுதான். தன் ஷூவைக் கழற்றி எனக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பிக்கப் வண்டி வரும்வரை அந்தக் கல்லில் வெறும் காலோடு நடந்தார்.

அடுத்த வாரமே அதே நீலத்தில் புதுக் கயிறு வாங்கினார். அதைத்தான் ஊருக்கும் கொண்டுவந்தார்.

ஊர் திரும்பிய பிறகு மாதம் ஒரு தடவை திருப்பனந்தாளுக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்து வருவார். ஒரு தடவை என்னையும் அழைத்துப் போனார். அந்த அம்மா எங்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, என் பிள்ளைக்கு ரொம்ப வலித்திருக்குமா தம்பி என்று அவரிடம் கேட்டார். ஒவ்வொரு தடவையும் கேட்பாராம். இல்லம்மா, உடனே முடிஞ்சிருச்சு என்று நானா டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். திரும்பி வரும்போது அவர் மண்ணியாற்றுப் பாலத்தின் மேல்கூட வண்டியை நிறுத்தினார். கீழே பாசியும் பிளாஸ்டிக்கும்தான் இருந்தன. முன்பு போல நான் கேலி செய்யவில்லை.

எங்கள் ஆற்றுக்குத் தண்ணீர் வரும் நாளில் நானா வீட்டை விட்டே வர மாட்டார். கதவைச் சாத்திக்கொள்வார். தாரை தப்பட்டைச் சத்தம் அடங்கிய பிறகுதான் வெளியே தலை தெரியும்.

அவர் போய் இரண்டு வருஷமாகிறது. மாரடைப்பு, தன் கட்டிலில். அந்த அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அதனால்தான் இதை இப்போது எழுத முடிகிறது. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதலுக்குப் போயிருந்தபோது நானாவின் மனைவி ஷெட்டைக் காட்டி, இந்தக் கயிறு எதுக்கு தம்பி, நானும் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன் என்றார். சாமான் கட்டுவதற்கு என்று சொல்லிவிட்டு வாங்கிவந்தேன்.

இந்த வருஷம் தண்ணீர் ஒரு காலை நேரத்தில் வந்தது. ஊரே படுகையில் நின்றது. என் எட்டு வயது மகளும் பாவாடைக்குள் சாமந்திப்பூவை அள்ளிப்போட்டுக்கொண்டு முதல் ஆளாக இறங்கிவிட்டாள். நான் கரையில் நின்றேன். விரல் கடை உயரத் தண்ணீர் நுரையோடு நின்று நின்று வந்தது. எங்கள் ஆற்றில் அது நடக்கிற வேகத்துக்கு மேல் வராது. மேலே மூன்று இடத்தில் ஷட்டர் இருக்கிறது, ஆள் இருக்கிறது. மலையே கிடையாது. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் இறங்கவில்லை.

பக்கத்தில் நின்றவர் என் கையைப் பார்த்துவிட்டு, என்னப்பா, எல்லாரும் பூ எடுத்துட்டு வந்தா நீ கயிறு எடுத்துட்டு வந்திருக்க என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினாள். குனிந்து, இரண்டு கையாலும் அள்ளி, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

"அப்பா, வாங்கப்பா. புதுத்தண்ணி."

நான் கயிற்றின் ஒரு நுனியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு மேற்கே பார்த்தேன். ஒரு மேகம்கூட இல்லை. அது ஒரு சேதியே இல்லை.